நோஞ்சான் நாற்றைப் புது மண்ணுக்கு மாற்றுவது எப்படி

குழித்தட்டில் நான்கு இலையோடு அப்படியே நின்றுவிட்ட மிளகாய், அடியிலைகள் மஞ்சளடித்த கத்தரி, நெடுநெடுவென்று வளர்ந்து நிற்க முடியாமல் சாயும் தக்காளி. இப்படிப்பட்ட நாற்றுகளைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். இயற்கை உரம் நிறையப் போட்ட மண்ணுக்கு மாற்றிவிட்டால் தேறிவிடும் என்று தோன்றும். மாற்றுவது சரிதான். ஆனால் அந்தப் புது மண்ணில் எவ்வளவு உரம் இருக்கிறது என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். வேருக்கு எவ்வளவு காற்று கிடைக்கும் என்பதே முதல் கேள்வி.

காரணம் இதுதான். வேர் சும்மா இருந்து சத்தை உறிஞ்சுவதில்லை. அதற்குச் சக்தி செலவழிக்கிறது. அந்தச் சக்தி சுவாசத்திலிருந்து வருகிறது, சுவாசத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் துகள்களுக்கு நடுவே இருக்கவேண்டிய காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் மண்ணில் எவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, இலை மஞ்சளாகும். பார்க்கிறவர் சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் உரம் போடுவார், மேலும் தண்ணீர் விடுவார். என்னிடம் யோசனை கேட்டு வருகிற நாற்றுகளில் பெரும்பாலானவை இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவை. அதனால் மண் கலக்க உட்காருவதற்கு முன்பு நாற்றுக்கு என்னதான் ஆனது என்று பார்த்துவிடுவோம்.

இலையைப் பார்ப்பது

விதையிலிருந்து முதலில் வருகிற இரண்டு வித்திலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. சேமித்து வைத்த உணவைக் கொடுத்துவிட்டு அவை போய்விடும். அதற்கு மேலே உள்ள நிஜ இலைகளில்தான் சேதி இருக்கிறது.

கீழிலைகள் முதலில் வெளுத்து மஞ்சளாகி, கொழுந்து மட்டும் ஓரளவு பச்சையாக இருந்தால் பெரும்பாலும் தழைச்சத்துப் பற்றாக்குறை. பழைய இலையில் இருப்பதை எடுத்துச் செடி கொழுந்துக்கு அனுப்புகிறது. வெறும் தென்னை நார்க்கழிவில், அதாவது கோகோபீட்டில், முளைக்கவைத்த நாற்றுகளுக்கு இது கட்டாயம் வரும். அதில் உணவு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. புது மண்கலவைக்கு மாற்றினால் உடனே பலன் தெரிகிற நாற்று இதுதான்.

கொழுந்து மஞ்சளாக இருக்க, அதன் நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. இரும்பைப் பழைய இலையிலிருந்து இடம் மாற்றச் செடியால் முடியாது. அதனால்தான் புது இலையில் தெரிகிறது. மண்ணில் இரும்பே இல்லாமல் இப்படி ஆவது அபூர்வம். ஈரம் தேங்கியோ, காரத்தன்மை கூடியோ வேரால் எடுக்க முடியாமல் போயிருக்கும். தக்காளி நாற்றின் இலையின் கீழ்ப்பக்கம் ஊதாவாக மாறினால் மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறைவைச் சந்தேகிக்கலாம். ஆனால் மண் குளிர்ந்து கிடந்தாலும் இதே நிறம் வரும். இரவுகள் இதமானதும் நிறம் தானாக மாறினால் உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நெட்டையாக வளர்ந்து சாய்வது வெளிச்சக் குறைவு. எந்த மண்ணாலும் இதைச் சரிசெய்ய முடியாது. வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு மாற்றுங்கள்.

ஒரு நிலை உண்டு, அதில் மாற்றி நடுவதே வீண். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் சிறுத்து, நீர் கோத்தது போல் பழுப்பாகி, நாற்று மடிந்து விழும். இது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிரிகள் செய்யும் வேலை. விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழியின் மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். பக்கத்துக் குழிகளில் இன்னும் நிமிர்ந்து நிற்பவற்றுக்கு மட்டும் வாய்ப்பு இருக்கிறது. அவற்றையும் தாமதிக்காமல் மாற்றவேண்டும்.

வேரைப் பார்ப்பது

இலை பாதிதான் சொல்லும். மீதியை வேர் சொல்லும். தட்டு முழுவதையும் கலைக்கவேண்டாம், ஒரு நாற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர் விட்டு வையுங்கள். குழியின் அடித்துளை வழியாக ஒரு பென்சிலின் மழுங்கிய முனையைக் கொடுத்து மெல்ல மேலே தள்ளினால் மண் கட்டியோடு வந்துவிடும். மேலிருந்து தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். பிடிக்கவேண்டுமானால் இலையைப் பிடியுங்கள். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், நசுங்கிய தண்டுக்கு மாற்று இல்லை.

நல்ல வேர் வெள்ளையாக, நிமிண்டினால் சற்று விறைப்பாக இருக்கும். கோகோபீட்டில் வளர்ந்த வேர் சாயம் ஏறிப் பழுப்பாகத் தெரியலாம், அதை அழுகல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் செய்கிற சோதனை இது. ஒரு பழுப்பு வேரை இரண்டு விரல் நகங்களுக்கு நடுவே லேசாகப் பிடித்து நீளவாக்கில் உருவுங்கள். சாயம் மட்டும் ஏறிய வேர் அசையாமல் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரில் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும். உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். முகர்ந்தும் பாருங்கள். நல்ல மண் மழை பெய்த தரையின் வாசம் அடிக்கும். புளித்த வாடையோ சாக்கடை வாடையோ வந்தால் அங்கே காற்று போய் வெகு நாளாகிறது என்று அர்த்தம்.

வேர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கட்டியின் மேல் பாதியில் மட்டும் வேர் இருந்து அடிப்பாதி வெறுமையாக இருந்தால், அடியில் ஈரம் வடிவதே இல்லை. வேர் சுற்றிச் சுற்றி வளைந்து கட்டியையே மூடியிருந்தால் நாற்று வெகு நாளாகக் குழியில் அடைபட்டிருக்கிறது. மேலே குட்டையாக நின்றாலும் அது ஆரோக்கியமான செடிதான், இடம் கொடுத்தால் போதும். வேரே ஒன்றிரண்டுதான் இருக்கிறது, ஆனால் வெள்ளையாக இருக்கிறது என்றால் அவசரம் வேண்டாம். தண்ணீரைக் குறைத்து, வெளிச்சத்தைக் கூட்டி ஒரு வாரம் தட்டிலேயே விடுங்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளாத நாற்றை எடுத்தால் கட்டி உதிர்ந்து, இருக்கிற வேரும் அறுந்துபோகும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தண்ணீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு, வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மெல்லிய வேர்த்தூவிகளுடையது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இழைகள் அவை, மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டி உதிரும்போது முதலில் போவது அவைதான். தடித்த வேரெல்லாம் முழுசாக இருந்தும் மறுநாள் செடி துவண்டு போவதற்கு இதுவே காரணம். மண்கட்டி உடையாமல் எடுப்பதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதும் இதற்காகத்தான்.

மண்கலவை

தோட்டத்து மண்ணை அப்படியே சின்னத் தொட்டியில் நிரப்பாதீர்கள். நிலத்தில் மண்புழுவும் பெரிய வேர்களும் திறந்துவைக்கிற வழிகள் தொட்டியில் கிடையாது. சில முறை தண்ணீர் விட்டதும் இறுகிவிடும். நாற்றுக்கு நான் கலக்கும் அளவு, ஒரே குவளையால் அளந்து: கோகோபீட் 4 பங்கு, நன்றாக மட்கிய கம்போஸ்ட் 3 பங்கு, பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடையில்லாத வெள்ளை எரிமலைக் கல்) அல்லது பருமணல் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. மண்புழு உரத்தைப் பார்க்கிறவர்கள் இவ்வளவு குறைவா என்று கேட்பார்கள். நோஞ்சான் நாற்றுக்கு இது போதும். மண்புழு உரம் நல்ல பொருள்தான், ஆனால் நுண்ணிய துகள், ஈரத்தை விடாது. பாதிக்குப் பாதி கலந்தால் தொட்டி களிமண் மாதிரி ஆகிவிடும், உப்பும் கூடும்.

கோகோபீட்டில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கலாம், முக்கியமாக உவர் நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்தால். கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். இரண்டு மூன்று முறை அலசினால் போதும். தண்ணீரில் வரும் பழுப்புச் சாயம் முழுதாகப் போகாது, போகவேண்டிய அவசியமும் இல்லை. போகவேண்டியது உப்பு. கழுவிய கோகோபீட் என்று பையில் எழுதியிருந்தாலும் நான் ஒரு முறையாவது அலசிவிடுவேன்.

மணல் என்றால் பருமணல்தான், 2 மில்லிமீட்டர் அளவுக்கு மணிமணியாகத் தெரியவேண்டும். பொடிமணல் இருக்கிற இடைவெளிகளையும் அடைத்துவிடும், போடாமல் இருப்பதே மேல். பெர்லைட் தூசி பறக்கும். பையைத் திறந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளுங்கள்.

கம்போஸ்டை 5, 6 மில்லிமீட்டர் கண் உள்ள வலையில் சலித்தால் குச்சியும் கல்லும் மேலே நின்றுவிடும். அதைவிடப் பொடியாகச் சலிக்காதீர்கள். மாவாக்கினால் காற்று போகும் வழி அடைபட்டுவிடும்.

வேப்பம் பிண்ணாக்கு, எலும்புத்தூள், கடலைப் பிண்ணாக்கு எதையும் இந்தக் கலவையில் நான் சேர்ப்பதில்லை. பச்சைப் பிண்ணாக்கு ஈரம் பட்டதும் நொதித்துச் சூடாகும், அமோனியா வெளியாகும். பெரிய செடியின் வேர் அதிலிருந்து விலகி வேறு பக்கம் போய்க்கொள்ளும். 5 சென்டிமீட்டர் கட்டியோடு வந்த நாற்றுக்கு விலகிப் போக இடமில்லை. செடி நன்றாக வளர்ந்து பெரிய தொட்டிக்குப் போகும்போது இவற்றுக்கு வேலை வரும்.

உரம் மட்கியதா என்று அறிவது

நேரம் செலவழிக்கவேண்டிய இடம் இது. மட்காத உரம் இளஞ்செடிக்கு இரண்டு விதத்தில் எதிரி. ஒன்று, மேலே சொன்ன சூடும் அமோனியாவும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. மரத்தூள், காய்ந்த சருகு, வைக்கோல் போன்றவற்றில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்கும் தழைச்சத்து வேண்டும். உரத்தில் போதாவிட்டால் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். மட்கிய பிறகுதான் அதைத் திருப்பிக் கொடுக்கும். இயற்கை உரம் போட்டும் நாற்று மேலும் வெளுக்கிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைச் சந்தேகிக்கவேண்டும்.

கையை உரக்குவியலுக்குள் விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் வேலை முடியவில்லை. போட்ட பொருளின் உருவம், இலை இலையாகவோ தோல் தோலாகவோ, அடையாளம் தெரிந்தாலும் அப்படியே. ஆனால் குளிர்ந்து கறுப்பாக இருப்பது மட்டும் போதாது, காய்ந்துபோன குவியலும் குளிர்ந்துதான் இருக்கும். அதனால் இதையும் செய்துவிடுங்கள். ஒரு கைப்பிடி உரத்தை ஈரமாக்கி பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். மூன்று நாள் கழித்துத் திறந்து முகருங்கள். மண் வாசம் வந்தால் தயார். புளிப்போ அமோனியா நெடியோ வந்தால் குவியலைக் கிளறி, ஈரப்படுத்தி, இன்னும் சில வாரங்கள் விடுங்கள்.

இன்னொரு சோதனை பீன்ஸ் விதை. கம்போஸ்டும் கோகோபீட்டும் சம அளவு கலந்து ஒரு தொட்டியில் நான்கைந்து பீன்ஸ் விதை போடுங்கள். பக்கத்தில் வெறும் கோகோபீட்டில் அதே எண்ணிக்கை. மூன்று வாரத்தில் இரண்டையும் ஒப்பிடலாம். உரத்தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ வேர் நுனி கருகினாலோ உரம் பச்சை. நன்றாக முளைத்து, ஆனால் புது இலைகள் கிண்ணம் மாதிரி குவிந்து முறுக்கிக்கொண்டு வந்தால் அது வேறு விஷயம். களைக்கொல்லி மிச்சமாக இருக்கலாம். அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் அடித்த புல்லையோ வைக்கோலையோ மாடு தின்றால் அவை சிதையாமல் சாணத்தில் வந்துவிடும். உரமாக மட்கிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கும். தக்காளியும் பீன்ஸும் இதற்கு மிகவும் வாடும். எருவை வெளியிலிருந்து வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. மூன்று வாரம் பொறுப்பது பெரிதில்லை, ஒரு பருவத்து நாற்றையே இழப்பதுதான் பெரிது.

கலந்த பிறகு ஈரப்படுத்தி, சாக்கால் மூடி, நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். இயற்கைக் கலவையில் சத்து நேராகச் செடிக்குப் போவதில்லை. நுண்ணுயிரிகள் உடைத்துக் கொடுத்தால்தான் போகும். அவை வேலையைத் தொடங்க இந்த இரண்டு வாரம். அழுகல் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா கலக்கிற பழக்கம் இருந்தால் இந்தச் சமயத்தில் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவில் கலந்துவிடுங்கள். அழுகல் வந்த பிறகு போட்டுப் பயன் குறைவு.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்கலாம், ஒழுகக் கூடாது. கையைத் திறந்தால் கட்டியாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும்.

தொட்டி

5 சென்டிமீட்டர் குழியிலிருந்து வரும் நாற்றுக்கு 9 அல்லது 10 சென்டிமீட்டர் தொட்டி. அதற்கு மேல் வேண்டாம். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயவே காயாது, அந்த ஈரம் வேரழுகலைக் கூட்டிவரும். வேர் தொட்டியை நிறைத்ததும் அடுத்த அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தொட்டியின் அடியில் கல்லோ ஓட்டுத்துண்டோ அடுக்கினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. எந்தத் தொட்டியிலும் வடிந்தது போக அடியில் ஒரு அடுக்கு முழுக்க நனைந்தே நிற்கும். அதன் உயரத்தைக் கலவையின் துகள் அளவுதான் தீர்மானிக்கிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல் அடுக்குக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. அதனால் அந்த நனைந்த அடுக்கு கல்லுக்கு மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மண் ஒழுகாமல் இருக்கத் துளையின் மேல் ஒரு வலைத்துண்டு வைத்தால் போதும். வடிகால் கலவையிலேயே இருக்கவேண்டும்.

பழைய தொட்டியானால் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

மாற்றி நடுவது

வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். இரவு முழுக்க இலையிலிருந்து அதிகம் நீர் போகாமல் வேருக்கு ஓய்வு கிடைக்கும். தொட்டிகளில் முதலிலேயே ஈரக் கலவையை நிரப்பி, நடுவில் குழி எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் நாற்றை எடுக்கவேண்டும். வெளியே எடுத்த வேர் காற்றில் காய்வது சில நிமிட வேலை.

வெள்ளை வேரோடு முழுக்கட்டியாக வந்தால் தொடாமல் அப்படியே குழியில் இறக்குங்கள். சுற்றி வளைந்த வேரானால் அடிப்பக்கத்தை விரல் நுனியால் கொஞ்சம் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது மண்ணிலும் பழைய வளையத்திலேயே சுற்றும். அழுகிய வேர் இருந்தால் மட்டும் பழைய மண்ணை மென்மையாக அலசி நீக்கிவிட்டு, சுத்தமான கத்தரிக்கோலால் வழுவழுப்பானவற்றை வெட்டி எடுங்கள். வெள்ளை வேர் ஓரளவாவது மிஞ்சியிருந்தால் நடலாம்.

எவ்வளவு ஆழம்? இது செடிக்குச் செடி மாறும். தக்காளியை முதல் நிஜ இலைக்குக் கீழ் வரை புதைக்கலாம், புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும். நெட்டையாகச் சாய்ந்த தக்காளிக்கு இதைவிடச் சிறந்த வைத்தியம் இல்லை. மிளகாய், கத்தரியை வித்திலை வரை இறக்கலாம், அதற்கு மேல் லாபமில்லை. பப்பாளியைப் பழைய மட்டத்துக்கு மேல் புதைத்தால் தண்டு அழுகும். லெட்டூஸ் போன்று நடுக்கொழுந்து தரையோடு இருக்கும் கீரைகளில் கொழுந்துக்குள் மண் விழக்கூடாது. ஒட்டுச்செடியில் ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். வெள்ளரி, பூசணி, பீர்க்கு வகைகளுக்கு வேரைத் தொட்டாலே பிடிக்காது. கட்டி உடையாமல் எடுக்க முடியாதென்றால் விதையைத் தொட்டியிலேயே மறுபடி போடுவது வேகமான வழி. கேரட், முள்ளங்கியை மாற்றி நடவே வேண்டாம், கிழங்கு கோணிப்போகும்.

சுற்றிலும் கலவையைப் போட்டபின் கட்டைவிரலால் அமுக்காதீர்கள். இத்தனை கவனமாகக் காற்றோட்டம் வரவைத்துவிட்டு அதைக் கையாலேயே நசுக்குவதா? தொட்டியை மேசையில் இரண்டு முறை லேசாகத் தட்டுங்கள், மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். பூவாளியால் மெல்லிய தூறலாக, அடித்துளையில் வடியும் வரை விடுங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. முதல் தண்ணீர் தனக்கு ஒரு வழி பிடித்துக்கொண்டு ஓடிவிடும், நனையாத இடங்களை இரண்டாவது தண்ணீர்தான் நனைக்கும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

பூவோ மொட்டோ இருந்தால் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் கிள்ளுங்கள். பச்சை இலைகளை மட்டும் கை வைக்காமல் விடுங்கள். சுமை குறையட்டும் என்று இலைகளை வெட்டுகிறவர்கள் உண்டு. புது வேர் வளரத் தேவையான உணவைத் தயாரிப்பது அந்த இலைதானே. கருகியது, அழுகியது இரண்டை மட்டும் எடுங்கள்.

அடுத்த இரண்டு வாரம்

முதல் மூன்று நான்கு நாள் வெளிச்சமான நிழல், இருட்டு மூலை அல்ல. அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனால் ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழகிவிடும். காற்று மிகவும் வறண்டிருந்தால் அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை மூடியைக் கழற்றிவிட்டுக் கவிழ்க்கலாம். ஆனால் வெயிலில் கவிழ்த்தால் உள்ளே வெந்துவிடும். மூன்று நாளுக்கு மேல் அதை வைத்திருக்கவும் வேண்டாம்.

தண்ணீர் எப்போது விடுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த நம்பகமான வழி எடைதான். நட்டுத் தண்ணீர் வடிந்ததும் தொட்டியைக் கையில் தூக்கி அந்தக் கனத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தூக்கிப் பாருங்கள். பாதிக்குப் பாதி இலேசாகிவிட்டது என்று கை சொல்லும்போது விடுங்கள். மேல்மண் காய்ந்து வெளுத்திருந்தாலும் தொட்டி கனமாக இருந்தால் தொடவேண்டாம். மாறாகக் கலவை அறவே காய்ந்து தொட்டி ஓரத்திலிருந்து விலகி நின்றால், மேலே விடும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடிவிடும். அப்போது தொட்டியை ஒரு பாத்திரத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள்.

மதியம் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் பயப்படாதீர்கள், வேர்த்தூவிகள் மறுபடி முளைக்கும் வரை அப்படித்தான். அதற்காகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். விடியற்காலையில், மண் ஈரமாக இருக்கும்போதே துவண்டிருந்தால்தான் வேரில் கோளாறு.

மண்ணின் மேல் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை படரலாம். இயற்கைக் கலவையில் இது சகஜம். மட்கும் பொருளைத் தின்கிற பூஞ்சை அது, செடியைத் தொடாது. மேலாகக் கிளறிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சின்னக் கறுப்பு ஈக்கள் தொட்டியைச் சுற்றிப் பறந்தால் மேல்மண் அதிக ஈரமாக இருக்கிறது. அவற்றின் புழுக்கள் இளவேரைக் கடிக்கும். மேல் இரண்டு சென்டிமீட்டர் காயும்படி விட்டு, கொஞ்ச காலம் அடியிலிருந்தே தண்ணீர் கொடுத்தால் குறைந்துவிடும்.

உரம்? இந்த இரண்டு வாரமும் எதுவும் வேண்டாம். கலவையில் இருப்பதே போதும். முழுக்க மஞ்சளான பழைய இலை மறுபடி பச்சையாகாது. அதை வைத்து நாற்று தேறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கொழுந்தைப் பாருங்கள். புதிதாக விரியும் இலை முந்தைய இலையைவிடப் பெரிதாகவும் அழுத்தமான பச்சையாகவும் இருந்தால் வேர் பிடித்துவிட்டது. அப்புறம் மண்புழு உரக் கழுவுநீரை ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒரு முறை வேரில் விடலாம். புளித்த வாடை அடிக்கும் கழுவுநீரை விடாதீர்கள்.

மூன்று வாரமாகியும் கொழுந்து அசையவில்லை என்றால் மறுபடி உரத்தைத் தேடாதீர்கள். தொட்டியைக் கவிழ்த்து, கட்டியை உள்ளங்கையில் வாங்கி, பென்சில் வைத்துப் பார்த்த அன்று போலவே வேரைப் பாருங்கள். கட்டியின் ஓரத்தில் வெள்ளை நுனிகள் எட்டிப் பார்த்தால் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். பழைய கட்டியைத் தாண்டி ஒரு வேர்கூட வராமல், இருப்பதும் தோல் உரிந்தால் அந்த நாற்றை விட்டுவிடுங்கள். அதன் மண்ணை வேறு நாற்றுக்குப் போடாமல், சூடேறும் உரக்குவியலின் நடுவில் சேர்த்துவிட்டுத் தொட்டியைக் கழுவி வையுங்கள். பருவம் மிச்சமிருந்தால் அன்றைக்கே புது விதை போட்டுவிடலாம்.